பளிங்குக்கும் கிரானைட்டுக்கும் நடுவே ஓடும் அந்தப் பழுப்புப் பட்டை

நண்பர் ஒருவர் பாறை முகப்பு ஒன்றின் படத்தைப் போட்டுக் கேட்டிருக்கிறார்: "ஒரு பக்கம் கிரானைட், மறுபக்கம் வெள்ளைப் பளிங்கு. நடுவில் இரண்டு மூன்று அடி அகலத்துக்குச் செம்பழுப்பும் பச்சையுமாக ஒரு பட்டை ஓடுகிறது. கிரானைட்டின் சூட்டில் பளிங்கு வெந்து இப்படி ஆனதா, இரண்டும் உருகிக் கலந்ததா? இந்த மாதிரி இடங்களில்தான் செம்பும் இரும்பும் கிடைக்கும் என்கிறார்களே, அது ஏன்?" பார்க்க மூன்று கேள்வி போல இருந்தாலும் அடியில் இருப்பது ஒன்றுதான். பட்டையில் உள்ள பொருளெல்லாம் முதலிலிருந்தே அங்கே இருந்ததா, வெளியிலிருந்து வந்து சேர்ந்ததா?

இருபது வருடங்களுக்கு மேலாக இப்படிப்பட்ட இடங்களை வரைபடமாக்குவதும், துளையிட்டு எடுத்த பாறை உருளைகளை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக் குறிப்பெடுப்பதும்தான் என் வேலை. அந்தப் பழக்கத்தில் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சூடு மட்டும் செய்த வேலை இல்லை இது, உருகிக் கலந்ததும் இல்லை. கிரானைட் ஆகப்போகிற பாறைக்குழம்பு இறுகும்போது வெளியே தள்ளிய உப்பு நீர், பல நூறு டிகிரி சூட்டில் பளிங்குக்குள் புகுந்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து, தான் சுமந்து வந்ததை அந்த இடத்தில் இறக்கி வைத்திருக்கிறது. பட்டை என்பது அந்த நீர் போன தடம். இப்படி உண்டாகும் பாறைக்கு ஸ்கார்ன் என்று பெயர். சுவீடனின் இரும்புச் சுரங்கங்களில் தாதுவோடு ஒட்டி வரும் வேண்டாத சிலிகேட் பாறையைத் தொழிலாளர்கள் அப்படி அழைத்தார்கள். தோர்னெபோம் என்ற புவியியலாளர் 1875-இல் அதை அறிவியல் எழுத்துக்குள் கொண்டுவந்தார். அவர்கள் கழித்துப் போட்ட அந்தப் பாறைதான் பிறகு உலகம் முழுக்கத் தாது தேடுகிறவர்களுக்கு வழிகாட்டியாக ஆனது.

சரி, சூடு மட்டும் போதாது என்று எப்படிச் சொல்கிறேன்? தூய பளிங்கு என்பது கிட்டத்தட்ட முழுவதும் கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புச் சூளையில் இதை 900 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கரியமில வாயு வெளியேறி நீற்றுச் சுண்ணாம்பு மிஞ்சும். ஆனால் சில கிலோமீட்டர் ஆழத்தில், மேலே அத்தனை பாறையின் எடை அழுத்திக்கொண்டிருக்கும்போது, அந்த வாயுவால் அவ்வளவு சுலபமாகத் தப்ப முடியாது. அதனால் 600, 700 டிகிரிக்குச் சூடேறினாலும் தூய பளிங்கு பளிங்காகவே இருக்கும். கால்சைட் மணிகள் மட்டும் ஒன்றையொன்று விழுங்கிப் பெரிதாகும். உங்கள் படத்தில் பட்டைக்கு வலப்பக்கம் பளிங்கு கற்கண்டு போலப் பெரிய மணிகளோடு மின்னுகிறதே, வெறும் சூடு செய்த வேலை அவ்வளவுதான்.

கலந்துவிட்டது என்ற எண்ணத்துக்கும் பட்டையே பதில் சொல்லிவிடுகிறது. இரண்டு பொருள் உருகிக் கலந்தால் நடுவில் எல்லாம் கலங்கலாக இருக்கும். கனிம வகைகள் கூடும். ஒன்று மெல்ல மங்கி இன்னொன்றாக மாறும். ஸ்கார்னில் நடப்பது நேர்மாறு. ஒவ்வொரு நிறமும் கத்தியால் வெட்டியதுபோல முடிகிறது. ஒரு பட்டைக்குள் இருப்பது ஒரு கனிமம், மிஞ்சிப்போனால் இரண்டு. கரைசல் ஊடுருவி வினை நடக்கும் பாறையில், எந்தெந்தத் தனிமங்களைக் கரைசல் தன் இஷ்டத்துக்கு எடுக்கவும் கொடுக்கவும் முடிகிறதோ, அந்த அளவுக்கு நிலைத்து நிற்கக்கூடிய கனிமங்களின் எண்ணிக்கை குறையும். ரஷ்யப் புவியியலாளர் கோர்ழின்ஸ்கி இதைக் கணக்காகவே நிறுவிக்காட்டினார். களத்தில் அந்தக் கூர்மையான கோடுகளைப் பார்க்கும்போதெல்லாம், ஒரு சமன்பாட்டைக் கண்ணால் பார்ப்பது போன்ற நிறைவு எனக்கு இன்னும் வருகிறது.

இங்கே ஒரு விலக்கைச் சொல்லியே ஆகவேண்டும். பளிங்கு தூய்மையாக இல்லாமல், ஆதியில் சுண்ணாம்புச் சேற்றோடு மணலும் களிமண்ணும் கலந்து படிந்திருந்தால், சூடு மட்டுமே நிறைய மாற்றும். கால்சைட்டும், மணலில் உள்ள குவார்ட்ஸும் (அதாவது சிலிக்கா) சேர்ந்து வொல்லாஸ்டனைட் என்ற கால்சியம் சிலிகேட் ஆகி, கரியமில வாயு வெளியேறும். இந்த வினைக்கான வெப்ப அழுத்தக் கணக்கை நார்வேயின் கோல்ட்ஷ்மிட் 1912-இலேயே போட்டார். டோலமைட் (மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட்) கலந்த சுண்ணாம்புக்கல்லில் சூடு ஏற ஏற எந்தக் கனிமம் எதற்குப் பிறகு வரும் என்ற வரிசையை போவன் 1940-இல் எழுதினார். ஆக, கார்னெட் என்ற சிலிகேட் கனிமத்தையோ வொல்லாஸ்டனைட்டையோ பார்த்தவுடன் வெளியிலிருந்து வந்தது என்று முடிவுகட்டக் கூடாது. நான் பார்ப்பது இரண்டு விஷயம். முதலாவது, பட்டை எதைப் பின்பற்றுகிறது? பழைய படிவு அடுக்குகளோடு சேர்ந்து மெல்லிய வரிகளாகத் திரும்பத் திரும்ப வந்தால், அந்தச் சரக்கு அந்த அடுக்கிலேயே இருந்தது. அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு கிரானைட்டின் விளிம்பையோ ஒரு வெடிப்பையோ ஒட்டிப் போனால், நீர் கொண்டுவந்தது. இரண்டாவது, இரும்பு. செம்பழுப்பு ஸ்கார்னில் பெரும்பாலும் இருப்பது ஆண்ட்ரடைட் வகைக் கார்னெட். தூய ஆண்ட்ரடைட்டின் எடையில் சுமார் 31 சதவீதம் இரும்பு ஆக்சைடு. வெள்ளைப் பளிங்கில் அத்தனை இரும்பு எங்கே இருந்தது? எத்தனை சுட்டாலும் இல்லாத இரும்பு வராது.

அப்படியானால் அந்த நீர் எங்கிருந்து வந்தது? ஆழத்தில் இருக்கும் கிரானைட் குழம்பு தன் எடையில் நான்கைந்து சதவீதம் வரை தண்ணீரைக் கரைத்து வைத்திருக்க முடியும். குழம்பு ஆறும்போது ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் படிகமாகின்றன, அவற்றுக்குத் தண்ணீர் தேவையில்லை. மிஞ்சும் குழம்பில் நீரின் பங்கு ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கொள்ளாமல் தனியே பிரியும். பிரியும்போது சும்மா வராது. குளோரினை இழுத்துக்கொண்டு வரும். குளோரின் இருந்தால் இரும்பு, செம்பு, துத்தநாகம் எல்லாம் அதோடு சேர்ந்து கரைசலில் பயணம் செய்யும். கூடவே சிலிக்காவும் வரும். இந்த நிலையில் அது தண்ணீரும் இல்லை, நீராவியும் இல்லை. தூய நீருக்கே 374 டிகிரியையும் 221 பார் அழுத்தத்தையும் தாண்டிவிட்டால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். பாடப்புத்தகத்தில் பாய்மம் என்று போட்டிருப்பார்கள். நான் இங்கே நீர் என்றே எழுதுகிறேன்.

இது ஊகம் அல்ல, அந்த நீரின் துளிகள் இன்றும் இருக்கின்றன. கார்னெட்டோ, ஸ்கார்னில் பச்சையாகத் தெரியும் பைராக்சீன் என்ற கனிமமோ வளரும்போது அதற்குள் சிறு பள்ளங்களில் கொஞ்சம் நீர் மாட்டிக்கொள்ளும். கல்லைச் சீவி, தேய்த்து, ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கி நுண்ணோக்கியில் வைத்தால் தெரியும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத ஒரு குழி. அதற்குள் ஒரு துளி. துளிக்குள் ஒரு குமிழி. குமிழிக்குப் பக்கத்தில் பளிச்சென்று சதுரமாக ஒரு பொடிக் கட்டி, அதுதான் சாதாரண உப்பு. சூடாக இருந்தபோது கரைந்திருந்த உப்பு, ஆறியதும் கொள்ளாமல் படிகமாகிவிட்டது. மேடையை மெதுவாகச் சூடாக்கினால் குமிழி சுருங்கும், உப்புக் கட்டியின் மூலைகள் மழுங்கும், ஒரு வெப்பநிலையில் இரண்டுமே மறைந்துபோகும். அந்தத் துளி அடைபட்டபோது குறைந்தபட்சம் அவ்வளவு சூடு இருந்தது என்று அர்த்தம். சில ஸ்கார்ன்களில் இது 600 டிகிரிக்கு மேல் போகிறது. கரைசலின் எடையில் பாதிக்கு மேல் உப்பாக இருந்த துளிகளும் உண்டு. கோடிக்கணக்கான வருடங்களுக்கு முந்தைய நீர் கண்ணெதிரே கொதிநிலை தாண்டிக் கலங்கித் தெளிவதை முதன்முறை பார்த்த அன்று, சாப்பாட்டை மறந்து ஒரே துளியைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

ஆக்சிஜன் ஐசோடோப்பும் இதையே சொல்கிறது. கடலில் படிந்த சுண்ணாம்புக்கல்லில் கனமான ஆக்சிஜனின் பங்கு அதிகம், மாக்மாவிலிருந்து, அதாவது பாறைக்குழம்பிலிருந்து, வரும் நீரில் குறைவு. ஸ்கார்னை நெருங்க நெருங்க, பளிங்கில் உள்ள அந்தப் பங்கு குறுகிய தூரத்துக்குள் மாக்மா நீரின் பக்கமாக இறங்கிவிடுகிறது. கண்ணுக்கு வெள்ளையாகவே தெரியும் பளிங்கிலும் நீர் நடமாடிய தடம் இப்படி அகப்பட்டுவிடும்.

இப்போது உங்கள் படத்துக்குள் போவோம். கிரானைட் பக்கத்திலிருந்து நடந்தால், முதலில் கிரானைட்டே வெளிறிப்போயிருக்கும். அதன் கறுப்பு அப்ரகம் மறைந்து, பச்சைப் பைராக்சீனும் எபிடோட்டும் தலைகாட்டும். மாற்றம் ஒரு வழிப் போக்கு இல்லை, பளிங்கின் கால்சியம் கிரானைட்டுக்குள்ளும் போகிறது. இதை உள் ஸ்கார்ன் என்போம். பொதுவாக மெலிசாகத்தான் இருக்கும். அடுத்து அடர்ந்த செம்பழுப்புக் கார்னெட். பளிங்கை நோக்கிப் போகப் போக அதன் நிறம் இளம்பழுப்பாகி, சில இடங்களில் வெளிர்பச்சை வரை மாறும். அப்புறம் பச்சைப் பைராக்சீன். கடைசியில், பளிங்கைத் தொடும் விளிம்பில், வெள்ளை விசிறி போல வொல்லாஸ்டனைட், அல்லது வெசூவியனைட். உங்கள் பாறையில் ஏதாவது ஒரு பட்டை விட்டுப்போயிருக்கலாம், ஆனால் வரிசை தலைகீழாவது அபூர்வம்.

இந்த வரிசை தூரத்தின் கணக்கு மட்டும் இல்லை, காலத்தின் கணக்கும்கூட. நீர் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்போது எல்லாப் பட்டைகளும் சேர்ந்து பளிங்கை நோக்கி நகர்கின்றன. இன்று கார்னெட் இருக்கும் இடம் ஒரு காலத்தில் பைராக்சீனாக இருந்தது, அதற்கு முன்னால் வொல்லாஸ்டனைட்டாக, அதற்கும் முன்னால் பளிங்காக. கார்னெட்டுக்குள்ளே பைராக்சீனின் அரைகுறைத் துணுக்குகள் மாட்டியிருப்பதை மெல்லிய சீவலில் பலமுறை பார்த்திருக்கிறேன். தின்னப்பட்டதின் மிச்சம் அது. பளிங்கு சுண்ணாம்புக்கல்லாக இல்லாமல் டோலமைட்டாக இருந்தால் மெக்னீசியம் மிகுந்து கதை வேறு பக்கம் போகும்: ஃபார்ஸ்டரைட் என்ற ஆலிவின், பொன்னிற அப்ரகம், பின்னால் சர்ப்பன்டைன், நிறைய மேக்னடைட் என்ற இரும்புத் தாது. அதைத் தனியாகத்தான் எழுதவேண்டும்.

எவ்வளவு நீர் தேவைப்பட்டிருக்கும்? தோராயமாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் பளிங்கின் எடை சுமார் 2,700 கிலோ. அதை முழுக்க வொல்லாஸ்டனைட் ஆக்க, 100 கிலோ கால்சைட்டுக்கு 60 கிலோ வீதம், சுமார் 1,620 கிலோ சிலிக்கா வேண்டும். அந்த ஆழத்துச் சூட்டில் நீரில் கரையும் சிலிக்கா ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஒரு கிலோ நீர் 5 கிராம் சிலிக்காவை விட்டுச் செல்கிறது என்று வைத்தால், அந்த ஒரே ஒரு கன மீட்டருக்கு 320 டன்னுக்கு மேல் நீர் கடந்திருக்க வேண்டும். 5 கிராம் என்பது கணக்குக்காக நான் எடுத்த எண்தான், இரண்டு மடங்கு முன்பின் ஆகலாம். ஆனாலும் பளிங்கு சும்மா ஈரமாகிவிட்டு நிற்கவில்லை, அதன் வழியே ஓர் ஓட்டமே இருந்தது என்பது இதில் விளங்கிவிடும்.

பளிங்கு இத்தனை நீரை எப்படி உள்ளே விட்டது என்பது நல்ல கேள்வி. சூட்டில் மணிகள் இறுகிய பளிங்கில் துளை என்று எதுவும் மிஞ்சாது. அங்கேதான் வினையே வழி திறந்துவிடுகிறது. கல்லுக்குள்ளேயே இருந்த குவார்ட்ஸும் கால்சைட்டும் சேர்ந்து வொல்லாஸ்டனைட் ஆனால், திடப்பொருளின் கன அளவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சுருங்கும். போன வாயுவின் இடம் துளையாக நிற்கும், அதில் நீர் புகும். அந்த நீர் கரியமில வாயுவை நீர்க்கச் செய்வதால், வாயு நிறைந்த சூழலில் 700 டிகிரிக்கு மேல் கேட்கும் வினை 600-க்குக் கீழேயே நடக்கத் தொடங்கும். இன்னும் வினை, இன்னும் துளை. ஆனால் சிலிக்கா முழுவதும் வெளியிலிருந்து வந்தால் இந்தச் சுருக்கம் கிடையாது, கன அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். ஆகவே தூய பளிங்கில் ஸ்கார்ன் பெரும்பாலும் வெடிப்புகளையும், வேறு பாறையோடு பளிங்கு சேரும் இடங்களையும் பிடித்துக்கொண்டு போகும். படத்தில் மேல் மூலையில் பளிங்குக்குள் விரல் நீட்டியதுபோல ஒரு பழுப்புக் கீற்று போகிறதல்லவா? அதன் நடுவில் மயிரிழை போல ஒரு கோடு தெரிகிறதா என்று பாருங்கள். அந்த வெடிப்புதான் வழி.

கால அளவைப் பற்றி: ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குப் பாறை வழியே சூடு பரவ முப்பதாயிரம் வருடம் ஆகும் என்பது எளிய வெப்பக் கணக்கு. ஊடுருவிய குழம்பின் அளவைப் பொறுத்துச் சில ஆயிரங்களிலிருந்து சில லட்சம் வருடங்கள் வரை வரும். ஸ்கார்ன் அந்த நேரம் முழுக்க வளர்ந்ததா, நடுவில் சிறு சிறு பொழுதுகளில் வேகமாக வளர்ந்து நின்றதா என்பது இடத்துக்கு இடம் மாறும். கார்னெட்டில் மர வளையம் போலத் தெரியும் வரிகள் விட்டுவிட்டு வளர்ந்ததையே காட்டுகின்றன என்பது என் கருத்து. ஒரு வளையத்துக்கு எத்தனை வருடம் என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

செம்பும் இரும்பும் ஏன் இங்கே? கார்னெட் வளர்ந்த காலத்திலேயே செம்பு வந்து உட்கார்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான இடங்களில் அது பிந்தி வந்தது. எல்லாம் 400 டிகிரிக்குக் கீழே ஆறத் தொடங்கும்போது பாறை நொறுங்கி வெடிக்கும் தன்மைக்கு வரும், மேலிருந்து நிலத்தடி நீரும் இறங்கிக் கலக்கும். அப்போது கார்னெட்டும் பைராக்சீனும் தாக்குப்பிடிக்காமல் எபிடோட், ஆக்டினோலைட், குளோரைட், கால்சைட், குவார்ட்ஸ் என்று உடைகின்றன. இந்தக் கட்டத்தில்தான் செம்பு தரும் சால்கோபைரைட், துத்தநாகம் தரும் ஸ்பேலரைட் போன்ற கந்தகத் தாதுக்கள் இறங்குகின்றன. மேக்னடைட்டும் டங்ஸ்டன் தரும் ஷீலைட்டும் சற்று முன்னாடியே வரத் தொடங்கிவிடும். பளிங்கின் பங்கு இதில் பெரியது. குளோரினோடு சேர்ந்து உலோகம் கரைந்திருக்க நீரில் அமிலத்தன்மை வேண்டும். அந்த நீர் கால்சைட்டைத் தொட்டதும் அமிலம் செலவாகிவிடும், உலோகத்தைத் தாங்கும் சக்தி போய்விடும். அதனால்தான் ஸ்கார்னுக்கும் பளிங்குக்கும் இடையிலான எல்லையை ஒட்டி நல்ல தாது அடிக்கடி அகப்படுகிறது. பாறை உருளையைப் படிக்கும்போது கடைசிக் கார்னெட்டுக்கு அப்பால் வரும் முதல் வெள்ளைப் பளிங்கில் நான் எப்போதும் வேகத்தைக் குறைத்துவிடுவேன். பெரு நாட்டில் 4,000 மீட்டருக்கு மேல் இருக்கும் அன்டமினாவின் செம்பும் துத்தநாகமும், யூரல் மலையில் மாக்னித்னாயா மலையின் இரும்பும், டாஸ்மேனியாவைச் சேர்ந்த கிங் தீவின் ஷீலைட்டும் இந்தக் குடும்பம்தான்.

விவாதம் தீராத இடங்களும் உண்டு. நீர் எந்தத் திசையில் ஓடியது என்பது முதலாவது. பெரிய ஸ்கார்ன்களில் கிரானைட்டிலிருந்து வெளியே என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தாது இல்லாத சாதாரணத் தொடுகைகளில், சுற்றியுள்ள பாறையிலிருந்து சூட்டை நோக்கி நீர் உள்ளே வந்ததா, வெளியே போனதா என்று நீண்ட வாதம் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் யூட்டாவில் உள்ள ஆல்டா, டோலமைட் பளிங்கில் கனிம வரிசை தெளிவாகத் தெரியும் இடம். அதே கனிமங்களை வைத்து இரண்டு தரப்பும் எதிரெதிர்த் திசையைச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே நீர் வெளியே போனது என்ற பக்கம்தான் எனக்குச் சரியாகப் படுகிறது, ஐசோடோப்பு மாறும் விதம் அதற்குப் பொருந்துகிறது. இரண்டாவது, அலுமினியம். அது பாறையை விட்டு நகராது என்று வைத்துக்கொண்டு பலர் வரவு செலவுக் கணக்குப் போடுகிறார்கள். தூய பளிங்கில் அலுமினியம் கொண்ட கார்னெட் வளர்ந்திருப்பதைப் பார்க்கும்போது, உப்பு மிகுந்த நீரில் அது ஓரளவாவது நகர்கிறது என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

உங்கள் படத்தை வைத்து எவ்வளவு சொல்லலாம் என்பதற்கும் எல்லை உண்டு. நிறத்தை வைத்துக் கார்னெட்டின் வகையை நிச்சயமாகச் சொல்ல முடியாது, பழுப்பு என்பதற்காக ஆண்ட்ரடைட் என்று சத்தியம் செய்யமாட்டேன். இடப்பக்கம் கிரானைட்டா, அதன் நெருங்கிய உறவான கிரானோடயோரைட்டா என்பதுகூட ஃபெல்ட்ஸ்பாரை அருகில் பார்த்தால்தான் தெரியும். தாது இருக்கிறதா என்று படத்தைப் பார்த்து யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பெரும்பாலான ஸ்கார்ன்களில் அள்ளும் அளவுக்கு எதுவும் கிடையாது.

மறுபடி அங்கே போனால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சின்னக் குப்பியில் எடுத்துப் போங்கள், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பளிங்கில் ஒரு சொட்டு விட்டால் சட்டென்று நுரைக்கும். பட்டைக்குள் விட்டால் கார்னெட் மேல் சும்மா நிற்கும், மணிகளுக்கு நடுவே மிஞ்சிய கால்சைட்டில் மட்டும் ஊசிமுனைக் குமிழிகள் வரும். நுரை எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் வருகிற மாதிரி உள்ளங்கை அளவு ஒரு துண்டு எடுங்கள். அனுமதி தேவைப்படும் இடமாக இருந்தால் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். துண்டைக் குறுக்கே அறுத்து, நனைத்து, வெயிலில் இன்னொரு படம் எடுத்துப் போடுங்கள். இருட்டறையில் குறுகிய அலை புற ஊதா விளக்கில் நீலவெள்ளையாக ஏதாவது ஒளிர்ந்தால் அதையும் சொல்லுங்கள், ஷீலைட் அப்படித்தான் தெரியும். அந்தத் துண்டைப் பார்த்தபிறகு, நீர் எந்தப் பக்கமிருந்து வந்தது என்று உங்கள் பாறைக்கே குறிப்பாக என்னால் பேச முடியும்.